மனச்சாட்சியும் அரசமைப்பும்: 1788ஆம் ஆண்டு மாசச்சூசெட்ஸ் மாநாட்டில் போதகர்கள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசமைப்பு 1787 செப்டம்பர் 17ஆம் நாள் பிலடெல்பியாவில் கையொப்பமிடப்பெற்றது. ஆயினும், பதின்மூன்று மாநிலங்களுள் ஒன்பதின் மாநாடுகளேனும் ஏற்றுக்கொண்டாலன்றி அது நடைமுறைக்கு வர இயலாது. மாசச்சூசெட்ஸ் மாநாடு 1788 ஜனவரி 9ஆம் நாள் பாஸ்டன் நகரில் கூடியது. ஊர்கள் தெரிந்தெடுத்தனுப்பிய பிரதிநிதிகளுள் உழவரும் வணிகரும் வழக்கறிஞரும் இருந்தனர். போதகர்களும் பலர் இருந்தனர்.

அரசுப் பதவிகளுக்குச் சமயச் சோதனை எதுவும் வேண்டப்படலாகாது என்பது புதிய அரசமைப்பின் ஆறாம் விதியில் அடங்கிய கட்டளை. மாசச்சூசெட்ஸின் 1780ஆம் ஆண்டுச் சட்டமோ ஆளுநரும் சட்டமன்றத்தாரும் கிறிஸ்தவ விசுவாசத்தை அறிக்கையிட வேண்டுமென விதித்திருந்தது. ஆகவே, ரோமன் கத்தோலிக்கரும் பிற சமயத்தாரும் ஆட்சிப்பீடம் ஏறிவிடுவரே எனப் பிரதிநிதிகள் சிலர் அஞ்சினர்.

அவ்வச்சத்திற்கு மறுமொழி கூறியோர் போதகர்களே என்பது ஈண்டு நோக்கத்தக்கது. நேர்மையற்றவன் எச்சோதனைக்கும் இணங்கி உள்ளே நுழைவான், நேர்மையாளனே வெளியே நிறுத்தப்படுவான் என்றார் ஹிங்காம் ஊர்ப் போதகர் டேனியல் ஷூட். மனிதரின் மனச்சாட்சிக்கு மானிட நியாயாசனம் அமைப்பது கடவுளின் உரிமையில் தலையிடுவதாகும் என்றார் செல்சி ஊர்ப் போதகர் பிலிப்ஸ் பேசன். இவ்விருவரும் சட்டத்தின் ஆதரவு பெற்ற காங்கிரிகேஷனல் திருச்சபையினர்.

மிடில்பரோ ஊரின் பாப்டிஸ்ட் போதகர் ஐசக் பேக்கஸோ அச்சட்டத்தால் துன்புற்றோர் அணியைச் சார்ந்தவர். சபை வரி செலுத்த மறுத்தமைக்காக அவருடைய தாயார் 1752ஆம் ஆண்டில் கனெக்டிகட்டில் 13 நாள் சிறையிருந்தார். சமயம் கடவுளுக்கும் ஆன்மாவுக்கும் இடைப்பட்டது; எனவே சமயச் சோதனை விதிப்போர் கிறிஸ்துவுக்கே உரிய அதிகாரத்தைக் கவர்கின்றனர் என்பது பிப்ரவரி 4ஆம் நாள் அவர் ஆற்றிய உரையின் சாரம்.

அவ்வுரையின் மற்றொரு பகுதி நம்மைக் கலங்கச் செய்கிறது. அடிமை இறக்குமதியை 1808ஆம் ஆண்டுக்கு முன் காங்கிரஸ் தடுக்கலாகாது என்றது அரசமைப்பு. அடிமை வாணிகத்தை வெறுப்பதாக அறிக்கையிட்ட பேக்கஸ், முன்னைய உடன்படிக்கையில் அதைத் தடுக்க வழியே இல்லை, இப்போது ஒரு வாயில் திறந்துள்ளது என வாதித்து இணக்கம் தெரிவித்தார். மனச்சாட்சியின் விடுதலைக்கு ஒரு நாளும் தாமதம் பொறாத வாதம், அடிமைப்பட்டோரின் விடுதலைக்குப் பொறுமை காட்டியது. அடிமைத்தனம் நாடெங்கும் சட்டப்படி ஒழிய 1865ஆம் ஆண்டு வரை செல்ல வேண்டியதாயிற்று.

பிப்ரவரி 6ஆம் நாள் 187 பேர் ஆதரித்தும் 168 பேர் எதிர்த்தும் வாக்களிக்க, அரசமைப்பு ஏற்கப்பெற்றது. பேக்கஸ் ஆதரித்தார், பாப்டிஸ்ட் பிரதிநிதிகள் பலர் எதிர்த்தனர். மாநாடு பரிந்துரைத்த ஒன்பது திருத்தங்களுள் மனச்சாட்சியைக் காப்பது ஒன்றுமில்லை. சமய உரிமையைக் காக்கும் முதலாம் திருத்தம் 1791ஆம் ஆண்டிலேயே வந்தது. அதுவும் அந்நாளில் மாநிலங்களைக் கட்டுப்படுத்தாமையால், மாசச்சூசெட்ஸில் சபை வரிமுறை 1833 வரை நீடித்தது. 1806இல் மரித்த பேக்கஸ் அதன் முடிவைக் காணவில்லை.

பொதுவாழ்வில் பங்குகொள்ளும் போதகர் குறையுள்ள ஆவணங்களுக்கு இசைய நேரிடலாம். இசைவு வேறு, அதை நீதியெனப் பிரசங்கிப்பது வேறு. நம் மனச்சாட்சிக்காக நாம் கேட்கும் உரிமையை, அம்மன்றத்தில் இடமே பெறாத அயலானுக்காகவும் கேட்டோமா என்பதே நம்மை நியாயந்தீர்க்கும் வினா.