ஆளைப் பார்த்து ஆசனம்!

எல்லாருக்கும் ஒரே பாடம் சரிவருமா?

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம். கூரத்தாழ்வான் அவதரித்த ஊர். பட்டுத் தறி ஓடும் வட்டாரம்.

தறிக்குழியில் காலை விட்டு, குனிந்த முதுகு நிமிராமல் நாள் பூரா நெய்கிற ஒருவர் யோகா கற்க வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்த அன்றைக்கே வாத்தியார் அவரைத் தலைகீழாக நிற்க வைத்தால்...?

கழுத்து பிடித்துக்கொள்ளும். மறுநாள் தறியும் ஓடாது, கூலியும் வராது!

வாத்தியாருக்கு ஆசனம் தெரிந்தால் மட்டும் போதாது, ஆளையும் தெரிய வேண்டும். இதைச் செய்து காட்டியவர் யோகாசாரியார் டி.கிருஷ்ணமாச்சாரியார்.

அரண்மனையில் யோகசாலை

கர்நாடகத்தில் 1888-ல் பிறந்தவர் இவர். 1930-களில் மைசூர் மகாராஜாவின் ஆதரவில் அரண்மனையில் யோகசாலை நடத்தினார். மகா கண்டிப்புக்காரர். படித்தவர்கள் துள்ளித் திரிகிற பையன்கள். பாடமும் அதற்கேற்ற விறுவிறுப்பு!

அவரிடம் படித்த 2 பேர் தனித்தனி வழி கண்டார்கள். மூச்சோடு சேர்த்து, வரிசை மாறாமல் செய்யும் முறையைப் பரப்பினார் பட்டாபி ஜோயிஸ். பி.கே.எஸ்.ஐயங்கார் சின்ன வயசில் காசநோய், டைபாய்டு என்று படாதபாடு பட்டவர். வளையாத உடம்பின் கஷ்டம் அவருக்குத் தெரியும். கயிறு, கட்டை, பெல்ட் கொடுத்து வளைய வைத்தார்.

சென்னையில் மாறிய பாடம்

1950-ல் யோகசாலை மூடப்பட்டது. பிறகு, பக்கவாதம் தாக்கிய பிரபல வக்கீல் ஒருவருக்கு உதவ கிருஷ்ணமாச்சாரியார் சென்னைக்கு அழைக்கப்பட்டார். இங்கேயே தங்கிவிட்டார்.

இங்கே அவரைத் தேடி வந்தவர்களில் நோயாளிகள் பலர். பையன்களுக்குச் சொன்ன பாடம் இவர்களிடம் செல்லுமா? நாடி பிடித்துப் பார்த்தார். சாப்பாடு, தூக்கம், வேலை எல்லாம் விசாரித்தார். அப்புறம்தான் ஆசனம். சிலருக்கு வெறும் மூச்சுப் பயிற்சி மட்டும்!

கட்டிப்பிடித்த பெண்

அவர் மகன் தேசிகாச்சார் என்ஜினீயருக்குப் படித்தவர். சிறு வயசில் அப்பா கூப்பிட்டால் தென்னை மரத்தில் ஏறி ஒளிந்தவராம்!

1960-களின் தொடக்கத்தில் ஒருநாள். வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் காரிலிருந்து இறங்கி ஓடிவந்து அப்பாவைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னார். மகன் திகைத்தார். விசாரித்தால், பல காலமாகத் தூக்கமில்லாமல் தவித்தவர், முதல் நாள் ராத்திரிதான் மாத்திரை இல்லாமல் தூங்கினாராம்.

வேலையை உதறிவிட்டு அப்பாவுக்கே சிஷ்யர் ஆனார் மகன். 1976-ல் சென்னையில் 'கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம்' தொடங்கினார். ஒருவருக்கு ஒரு வாத்தியார், அவரவருக்குத் தனிப்பாடம் என்பது அங்கே வழக்கமானது. 2016-ல் தேசிகாச்சார் காலமானார். அவர் பிறந்த ஜூன் 21-ந் தேதிதான் இன்று உலக யோகா தினம்!

முதலில் என்ன கேட்பது?

கூரத்து நெசவாளிக்குச் சொல்லித்தரப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: எத்தனை மணி நேரம் தறியில் உட்காருகிறீர்கள்? எங்கே வலிக்கிறது? ராத்திரி தூக்கம் வருகிறதா? உட்கார்ந்த இடத்தில் கையைத் தூக்கி மூச்சு இழுத்து விடுவதே அவருக்கு முதல் பாடமாக இருக்கலாம்.

1984-ல் கிருஷ்ணமாச்சாரியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. அப்போது வயது 96. ஆபரேஷன் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். படுக்கையில் கிடந்தபடியே செய்யும் பயிற்சியைத் தனக்குத் தானே வகுத்துக்கொண்டார். 1989-ல் கண் மூடியபோது வயது 100!