பழைய தானுந்துகளின் மேற்கூட்டுப் பாகங்களை இனங்காணல்

பழைய தானுந்துகளின் மேற்கூட்டுப் பாகங்களை இனங்காணல் என்பது, வண்டியிலிருந்து பிரிந்து தனியே கிடைக்கும் கதவு, மட்கார்டு, பானட், டிக்கி மூடி போன்ற பாகம் ஒன்று எந்த நிறுவனத்தின் எந்த மாதிரியைச் சேர்ந்தது எனக் கண்டறிவதாகும். பொறியிலும் அடிச்சட்டத்திலும் எண் வெட்டப்பட்டிருக்கும். தகட்டுப் பாகங்களில் பெரும்பாலும் எண் இராது. இருந்தாலும் துருவும் வண்ணப்பூச்சும் அதை மறைத்துவிடும். ஆகவே உலோகம், உருவம், கீல், மரை ஆகியவற்றைக் கொண்டே அவற்றை அறிய வேண்டியுள்ளது.

தேவை

இந்திய மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 சூலையில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, முதற்பதிவு ஆகி 50 ஆண்டுகளுக்கு மேலான வண்டியைத் தனி வகையாகப் பதிவு செய்யலாம். அடிச்சட்டம், மேற்கூடு, பொறி ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது. வேறு மாதிரியின் பாகத்தை வெட்டிப் பொருத்திய வண்டி இத்தகுதியை இழக்க நேரிடலாம். இனந்தெரியாத பாகமோ பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போய்விடுகிறது.

முறை

முதலில் காந்தத்தை வைத்துப் பார்ப்பர். ஒட்டினால் எஃகு. ஒட்டாத மெல்லிய தகடு அலுமினியமாகவும், விளிம்பில் ஆணித்துளைகளுடனும் இருந்தால், அது மரச்சட்டத்தின் மேல் தகடு போர்த்திக் கட்டிய பழைய மேற்கூடாக இருக்கக்கூடும்.

அடுத்து, தகட்டோடு பற்றவைத்த நட்டுகளின் மரை. மெட்ரிக் அளவாயின் ஃபியட் போன்ற ஐரோப்பிய வண்டியை எண்ணலாம். போருக்கு முந்தைய பிரித்தானிய வண்டிகளில் விட்வொர்த் வகை மரைகள் உண்டு. 1948இல் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா ஆகியவை பொது மரை முறையை ஏற்றபின், பிரித்தானிய வண்டிகள் படிப்படியாக அதற்கு மாறின.

கதவாயின், சன்னலின் சாய்வைக் கொண்டு முன்விளிம்பு எதுவென முதலில் தீர்மானிக்க வேண்டும். 1950களின் ஃபியட் 1100 வண்டியில் முன்கதவின் கீல் பின்விளிம்பில் இருந்தது. பின்னர் வந்த 1100 டி வகையில் அது முன்விளிம்புக்கு மாறியது. இவ்வொரு குறிப்பே பல ஐயங்களைத் தீர்த்துவிடும்.

ஒட்டிக்கொண்டு வந்த மின்பாகமும் உதவும். லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனம் சென்னையில் 1961இல் தொடங்கப்பட்டதால், அப்பெயர் பொறித்த பாகம் அதற்கு முந்தையதன்று. எனினும் அது பின்னாளில் மாற்றப்பட்டதாக இருக்கலாம். வண்டியின் வயதை அதனால் மட்டும் கூறவியலாது.

வண்டலூர் ஹெரால்டு

காஞ்சிபுரம் மாவட்டத்து வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் வழியாகச் செல்லும் சாலை வண்டலூரில் முடிகிறது. அங்குதான் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. பிரித்தானியாவில் 1959இல் அறிமுகமான டிரையம்ஃப் ஹெரால்டு, 1960களில் இந்நிறுவனத்தால் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரிக்கப்பட்டது. இதன் மேற்கூடு தனி அடிச்சட்டத்தின் மேல் போல்ட்டுகளால் பொருத்தப்பட்ட பல துண்டுகளாலானது. எனவே பாகங்கள் எளிதில் பிரிந்து சிதறின. பானட்டும் இரு முன்மட்கார்டுகளும் ஒரே கூடாக இணைந்து முன்னோக்கித் திறக்கும். அக்கால அம்பாசடரிலோ ஃபியட்டிலோ இவ்வமைப்பு இல்லாததால் ஹெரால்டின் பானட்டை இனங்காண்பது கடினமன்று.

கடினம் பின்கதவில்தான் உள்ளது. பிரித்தானிய ஹெரால்டுக்கு இரு பக்கக்கதவுகளே உண்டு. நான்கு கதவு கொண்ட ஹெரால்டு 1960களின் இறுதியில் இந்தியாவில் மட்டுமே உருவானது. 1970களின் ஸ்டாண்டர்டு கெசல் அதன் வழிவந்தது. எனவே அதன் பின்கதவை ஆங்கிலேயப் பாகப் பட்டியல்களில் தேடினால் கிடைக்காது. பட்டியலில் இல்லை என்பதால் அது ஹெரால்டன்று என்று முடிவு கட்டுவது தவறாகும்.

கையால் அடித்த தகடுகள்

மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்த அம்பாசடர் 2014 வரை தயாரிக்கப்பட்டது. அதன் கிரில் பலமுறை மாறியது. பொது உருவம் அதிகம் மாறவில்லை. எனவே கிரிலைக் கொண்டு காலத்தைக் கூறுவது எளிது, கதவைக் கொண்டு கூறுவது அரிது.

உதிரிபாகம் கிடைக்காத காலங்களில் டிங்கர் பட்டறைகளில் தகட்டைச் சுத்தியலால் அடித்தே பாகம் செய்துகொண்டனர். இதன் உட்புறத்தில் சுத்தியல் தழும்புகளும், வெளிப்புறத்தில் தடித்த பட்டிப்பூச்சும் காணப்படும். இடப்பாகமும் வலப்பாகமும் சிறிது வேறுபடும். இத்தகைய தகட்டை உரிய வண்டி என ஐயுறுவதன் மேல் வைத்து, போல்ட் துளைகள் நேர்படுகின்றனவா என்று பார்ப்பதே வழி.