ராக்கெட் பறக்கும் முன் கடலை அளந்து வைக்க வேண்டும்

குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. இலங்கையைச் சுற்றி வளையாமல் நேராகத் தெற்கே சிறு ராக்கெட்டுகளை அனுப்ப இந்தக் கரை தோதானது. ஆனால் ஏவும் நேரத்தில் அந்தக் கடற்பகுதியில் படகு நிற்கக் கூடாது. ஸ்ரீஹரிகோட்டாவுக்குத் தெற்கே பழவேற்காட்டு மீனவர்கள் இதைப் பல ஆண்டுகளாக அனுபவித்து வருகிறார்கள். நாளை குலசை என்று அழைக்கப்படும் குலசேகரன்பட்டினத்திலும் பக்கத்து ஊரான மணப்பாட்டிலும் தொழில் குறைந்துவிட்டது என்று மீனவர்கள் முறையிட்டால், எதிலிருந்து எவ்வளவு குறைந்தது என்ற கேள்வி எழும். அதற்கான பதிலை இன்றே எழுதி வைத்தால்தான் உண்டு. கடலின் நிலை, தொழிலின் வரவு செலவு, மக்களின் வாழ்வு ஆகிய மூன்றையும் தனித்தனியே அளந்து எழுத வேண்டும்.

கரைக்கு வந்த மீனின் எடையை மட்டும் பார்த்தால் போதாதா? போதாது. அந்த எடை ஏமாற்றக்கூடியது. மீன் குறையக் குறையப் படகுகள் இன்னும் தொலைவு போகின்றன, வலை நீள்கிறது, டீசல் கூடுகிறது. மொத்த டன் கணக்கு மட்டும் அசையாமல் நிற்கிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையில் காட் மீனுக்கு நேர்ந்தது இதுதான். எஞ்சிய மீன்கள் சில இடங்களில் திரண்டு நின்றதால் பெரிய இழுவைக் கப்பல்களுக்கு வரத்து நன்றாகவே இருந்தது. அந்தக் கணக்கையும் நம்பித்தான் அறிஞர்கள் இருப்பை மிகையாக மதிப்பிட்டார்கள். மீன் சிறுத்துவிட்டது, குறைந்துவிட்டது என்று கரையோரச் சிறு மீனவர்கள் 1980களிலேயே சொன்னது எடுபடவில்லை. 1992இல் மீன்பிடிப்பே நிறுத்தப்பட்டு, சுமார் 30,000 பேர் பிழைப்பை இழந்தார்கள். ஆகவே ஒரு நடைக்கு எவ்வளவு கிடைத்தது, பிடிபட்ட சாளையும் சிங்கி இறாலும் ஒருமுறையாவது இனப்பெருக்கம் செய்யும் பருவத்தை எட்டினவா, வலையின் மடியில் வந்ததில் எவ்வளவு கழிவு மீனாக மீன்தூள் ஆலைக்குப் போனது என்பவைதான் கடலைப் பற்றி உண்மை சொல்லும்.

கடல் நன்றாக இருந்தும் கடலோடி நொடிந்திருக்கலாம். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்புக்கு முன் அரசு சிப்பிகள் வாழும் கடலடிப் பார்களைச் சோதித்த முறை இங்கே நினைக்கத் தக்கது. சிப்பிகளை எடுத்து எண்ணி, வயது பார்த்து, கிடைத்த முத்துக்கு விலை மதித்த பிறகே குளிப்புக்கு அனுமதி. தூத்துக்குடியில் 1961இல் கடைசிக் குளிப்பு நடந்தது. சிப்பியும் பணமும் எண்ணப்பட்ட அந்தச் சோதனையில், மூழ்கியவர் குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பதற்கு இடமில்லை. 2015இல் 61 மீன்பிடித் தொழில்களை ஆராய்ந்து வெளியான ஒரு சர்வதேச முறை 68 அளவீடுகளுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் தருகிறது. மீன் இருப்போடு, படகுக்காரர் வருமானம், தொழிலாளி கூலி, பாதுகாப்பு, கரையில் மீன் வாங்கி விற்பவர்கள் நிலை எல்லாம் அதில் சேரும். நம் கரைக்கு இன்னொன்றும் சேர்க்க வேண்டும்: முன்பணம் கொடுத்தவருக்கே மீனைக் கொடுக்கும் கட்டாயத்தால் விலையில் எவ்வளவு இழப்பு? இத்தனையையும் கூட்டி ஒரே சராசரியாக்குவது பெரும் பிழை. ஏற்றுமதியில் வாங்கிய 5, கூலியில் வாங்கிய 1ஐ மறைத்துவிடும்.

நூற்றுக்கணக்கான மீன் வகைகள் உள்ள கடலில் இப்படி அளப்பது நடக்காது என்பார்கள். ஆனால் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பல்லாண்டுகளாக இறங்குதளங்களில் மாதிரி எடுத்துத்தான் வரத்தை மதிப்பிடுகிறது. மாநிலத்துக்குப் பொருந்தும் அந்த மதிப்பீடு ஒரு ஊருக்குப் போதாது; குலசைக் கரைக்குக் கூடுதல் மாதிரி வேண்டும். வாடைக் காலம், விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடை என எல்லாம் அடங்க இரண்டு ஆண்டுகளாவது எடுக்க வேண்டும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் மீனவர் தரப்பிலிருந்து வருகிறது. எண்களைக் கொடுத்தால், கடல் கெட்டது உங்களால்தான் என்று சொல்லி எங்களையே விரட்டுவார்கள் என்ற அச்சம் அது. அதில் நியாயம் உண்டு. அதனால்தான் கடல் கணக்கை மட்டும் எடுப்பதை நான் எதிர்க்கிறேன். கூலியும் கடனும் அதே ஏட்டில் இருந்தால், ராக்கெட் ஏவும் நேரத் தடையின் சுமை யார் தலையில் விழுகிறது என்பதும் தெரியும். கணக்கு எடுப்பவர்களில் ஊர்க்காரர்களும் இருக்க வேண்டும். ஏட்டின் ஒரு பிரதி ஊர்க் கமிட்டியிடம் இருக்க வேண்டும், முதல் ராக்கெட் கிளம்புவதற்கு முன்பே.