சேணப் பையில் வந்த சாசனம்

எல்லைப்புறச் சபைகள் – 6

டெக்சஸில் குடியேறியவர்களின் தலைவர் ஸ்டீபன் ஆஸ்டின் 1828-இல் சான் பெலிப்பேயில் ஒரு ஃப்ரீமேசன் சபை தொடங்க முயன்று கைகூடாமல் போனதைச் சென்ற வாரம் பார்த்தோம். டெக்சஸ் அன்று மெக்சிகோவின் எல்லைப்புறம். மெக்சிகோ நகரிலோ மேசன்களே இரண்டு கட்சிகளாகப் பிரிந்து அதிகாரத்துக்காக மோதிக்கொண்டிருந்தார்கள். அந்த மோதலில் சலித்துப்போன அரசு, அதே ஆண்டு ரகசியச் சங்கங்களுக்குத் தடை போட்டது. கத்தோலிக்க குருமார்களுக்கு மேசன்கள் என்றாலே ஆகாது. ஆகவே டெக்சஸில் அடுத்த முயற்சியைத் தொடங்கியவர்கள், மாட்டினால் என்ன ஆகும் என்று தெரிந்தே தொடங்கினார்கள்.

1835 மார்ச் மாதம், ஒரு காலை 10 மணி. பிரேசோஸ் ஆற்றங்கரையில் உள்ள பிரசோரியா என்ற சிற்றூருக்குப் பின்புறம், காட்டு லாரல் மரங்கள் அடர்ந்த ஒரு தோப்பில் சிலர் கூடினார்கள். அது ஜான் ஆஸ்டின் என்பவர் தன் குடும்பத்துக்கென ஒதுக்கிவைத்திருந்த இடுகாடு. அவர் 1833-இல் காலராவில் இறந்துபோயிருந்தார். ஆள் நடமாட்டமில்லாத இடம், ஒட்டுக்கேட்க யாரும் வரமாட்டார்கள். அவர்கள் கூடியது அங்கிருந்த ஒரு கருவாலி மரத்தடியில் என்பது ஊர் வழக்கு. அந்த மரத்துக்கு இன்றும் மேசன் மரம் என்றே பெயர்.

கூட்டத்துக்கு முன்னின்றவர் அன்சன் ஜோன்ஸ். மாசசூசெட்ஸில் பிறந்த மருத்துவர். பிலடெல்பியாவிலும் நியூ ஆர்லியன்ஸிலும் பிழைப்பு சரிப்படாமல் 1833 அக்டோபரில் பிரசோரியா வந்து சேர்ந்தவர். உடனிருந்தவர்களில் ஜான் வார்ட்டன் வழக்கறிஞர், ஜேம்ஸ் பெல்ப்ஸ் மருத்துவர், ஏசா பிரிகாம் வணிகம் செய்தவர். எல்லோருமே வேறு வேறு ஊர்களில் ஏற்கெனவே மேசன் ஆனவர்கள். டெக்சஸில் ஒருவரையொருவர் மெல்ல அடையாளம் கண்டுகொண்டு, பலமுறை கலந்து பேசிய பிறகுதான் தோப்புக்கு வந்தார்கள்.

உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் எதற்காக? ஜோன்ஸ் பின்னாளில் இதற்குக் காரணம் எழுதிவைத்திருக்கிறார். சமூகத்தைச் சேர்த்துப் பிடிக்க ஏதாவது ஒரு கட்டு தேவைப்பட்ட காலம் அது என்கிறார். அன்றைய டெக்சஸைப் பார்த்தால் அந்தப் பேச்சின் கனம் விளங்கும். வந்து குடியேறியவர்களில் கடனுக்கு ஓடிவந்தவர் உண்டு, வழக்குக்குப் பயந்து வந்தவர் உண்டு. யார் எப்படிப்பட்டவர் என்று விசாரிக்க உற்றார் உறவினர் கிடையாது. வங்கி இல்லை. நீதிமன்றம் இருந்தும் இல்லாத மாதிரி. இந்த நிலையில், முன்பின் தெரியாத ஒருவரை நம்பலாம் என்று சொல்ல ஏதோ ஓர் அத்தாட்சி வேண்டும். வேறொரு ஊர்ச் சபை சோதித்துச் சேர்த்துக்கொண்ட ஆள் என்பது அப்படி ஓர் அத்தாட்சி. நோயில் விழுந்தால் பார்த்துக்கொள்ளவும், இறந்தால் முறையாக அடக்கம் செய்யவும், மனைவி மக்களை விசாரிக்கவும் நாலு பேர் இருப்பார்கள்.

ஆனால் நினைத்த இடத்தில் நினைத்தவர் சபை தொடங்க மேசன் விதிகள் இடம் தருவதில்லை. ஏற்கெனவே இயங்கும் ஒரு பெருஞ்சபையின் அனுமதி வேண்டும். அருகில் இருந்தது லூசியானா பெருஞ்சபை. தோப்பில் கூடியவர்கள் ஆளுக்கு இயன்றதைப் போட்டுச் செலவுக்குப் பணம் திரட்டி நியூ ஆர்லியன்ஸுக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். தற்காலிக அனுமதி வந்தது. லூசியானா பெருஞ்சபைத் தலைவர் ஜான் ஹாலண்டின் பெயரைச் சூட்டி, ஹாலண்ட் சபை எண் 36 என்று அது அமைந்தது. 1835 டிசம்பர் 27, புனித யோவான் திருநாள். பிரசோரியாவின் பழைய நீதிமன்றக் கட்டடத்து மாடியில் சபை முறைப்படி திறக்கப்பட்டது. ஜோன்ஸ் தலைவர்.

அதற்குள் டெக்சஸ் குடியேறிகளுக்கும் மெக்சிகோ அரசுக்கும் போர் மூண்டுவிட்டது. 1836 பிப்ரவரியில் கூடியதுதான் பிரசோரியாவில் கடைசிக் கூட்டம். அன்றிரவு மூத்த டீக்கன் பொறுப்பில் நின்றவர் ஜேம்ஸ் பேனின். அடுத்த மாதமே, மார்ச் 27 அன்று, கோலியாட் ஊரில் சரணடைந்த தன் வீரர்களோடு அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். ஊர் காலியானது. உர்ரியா தளபதியின் மெக்சிகப் படை பிரசோரியாவுக்குள் நுழைந்து சபையின் பதிவேடுகள், புத்தகங்கள், பதவிச் சின்னங்கள் அனைத்தையும் அழித்தது. உறுப்பினர்கள் திசைக்கொருவராகச் சிதறினார்கள். ஜோன்ஸ், வார்ட்டன், பெல்ப்ஸ் மூவரும் டெக்சஸ் படையில் சேர்ந்தார்கள்.

சபைக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று. அதுவும் அப்போது வழியில் இருந்தது. லூசியானா பெருஞ்சபை வழங்கிய நிரந்தரச் சாசனத்தை ஜான் ஆலன் என்பவர் டெக்சஸுக்குக் கொண்டுவந்தார். படை நடந்துகொண்டிருக்கும்போதே, புல்வெளியின் நடுவில், அதை ஜோன்ஸிடம் கொடுத்தார். பெட்டகமா, அலமாரியா, வைத்துப் பூட்ட? ஜோன்ஸ் அதைத் தன் குதிரையின் சேணப் பையில் வைத்துக்கொண்டு பபலோ பேயூ முகாம்வரை போனார். ஏப்ரல் 21 அன்று சான் ஹசின்டோவில் நடந்த சண்டை 18 நிமிடங்களில் முடிந்தது. தோற்றிருந்தால் சாசனம் மெக்சிகப் படைத் தலைவர் சாந்தா அன்னாவின் கைக்குப் போயிருக்கும் என்று ஜோன்ஸே பின்னர் எழுதினார். மறுநாள் பிடிபட்டது சாந்தா அன்னா. மேசன் சைகை காட்டி அவர் உயிர் தப்பினார் என்று ஒரு கதை உலவுகிறது, உறுதியான ஆதாரம் இல்லை. சில மாதங்கள் அவர் காவலில் இருந்தது, தோப்பில் கூடியவர்களில் ஒருவரான பெல்ப்ஸின் ஒரோசிம்போ பண்ணையில். இது பதிவான வரலாறு.

வெற்றிக்குப் பிறகு சாசனம் பிரசோரியாவுக்குத் திரும்பியது, சபை திரும்பவில்லை. ஆட்கள் குறைந்திருந்தார்கள். 1837 அக்டோபரில், சுதந்திர டெக்சஸின் புதிய தலைநகரான ஹூஸ்டனில் ஜோன்ஸும் பிரிகாமும் அதை மீண்டும் திறந்தார்கள். நாகடோசஸ், சான் அகஸ்டின் ஊர்களிலும் லூசியானா சாசனத்தோடு இரண்டு சபைகள் பிறந்தன. 1837 டிசம்பர் 20 அன்று மூன்று சபைகளின் பிரதிநிதிகளும் ஹூஸ்டனில் கூடி டெக்சஸ் குடியரசுக்கென்று ஒரு பெருஞ்சபையை ஏற்படுத்தினார்கள். கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் குடியரசுத் தலைவர் சாம் ஹூஸ்டன். முதல் பெருஞ்சபைத் தலைவராகத் தேர்வானவர் ஜோன்ஸ். ஹாலண்ட் சபை எண் 36, எண் 1 ஆனது.

தோப்பில் ஒளிந்து கூடியவர்கள் இரண்டே முக்கால் ஆண்டில் ஆட்சியில் இருந்தார்கள். டெக்சஸ் குடியரசின் தலைவர்கள் அனைவருமே மேசன்கள். கடைசித் தலைவர் அன்சன் ஜோன்ஸ். மக்கள்தொகையில் ஒன்றரை சதவீதமே இருந்த மேசன்கள் உயர்பதவிகளில் ஏறத்தாழ 80 சதவீதத்தைப் பிடித்திருந்தார்கள் என்று டெக்சஸ் வரலாற்றாசிரியர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இதில் மர்மச் சதி எதையும் தேட வேண்டியதில்லை. நம்பத்தக்கவர் யார் என்று தெரியாத நாட்டில், ஒருவரையொருவர் நம்பிய ஒரே கூட்டம் மேலே வந்தது.

அந்த நம்பிக்கை யாருக்கெல்லாம் எட்டவில்லை என்பதையும் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது. பிரசோரியா வட்டாரத்தின் பருத்தியும் கரும்பும் அடிமைகளின் உழைப்பில் விளைந்தவை. ஜோன்ஸும் பெல்ப்ஸும் அடிமைகளை வைத்திருந்தவர்கள். சுதந்திரமாகப் பிறந்தவரே மேசன் ஆகலாம் என்பது விதி. மனிதர் எல்லோரும் சகோதரர் என்று கற்பித்த சபையின் வாசல், அதன் உறுப்பினர்களின் வயலில் உழைத்தவர்களுக்கு மூடியே இருந்தது. ஹாலண்ட் சபையின் துணிச்சலை மதிக்கலாம், மதிக்கவும் வேண்டும். ஆனால் அது கட்டிய சகோதரத்துவம் பாதிச் சகோதரத்துவம்தான்.

மூடிய வாசலுக்கு வெளியே நின்றவர்கள் காத்துக்கொண்டிருக்கவில்லை. 1875-இல், ஜோன்ஸின் பண்ணை இருந்த அதே வாஷிங்டன் மாவட்டத்தில், பிரென்ஹாம் ஊரில், கறுப்பின மக்கள் தங்களுக்கென டெக்சஸ் பிரின்ஸ் ஹால் பெருஞ்சபையை நிறுவினார்கள். அவர்களுக்கு அந்த வழியைத் திறந்துவிட்டவர் பாஸ்டனில் வாழ்ந்த பிரின்ஸ் ஹால். இங்கிலாந்திலிருந்து 1784 தேதியிட்ட சாசனம் பெற்ற அவருடைய கதை அடுத்த வாரம்.

(தொடரும்)