உறைக்குள் உறங்கும் உயிர்

நுழையுமுன்

நோயை வெல்ல விரும்புவோர் முதலில் நோய்க்கிருமியின் வாழ்க்கையை அறிதல் வேண்டும். ஓர் உடலை விட்டு மற்றோர் உடலை அடையும் இடைக்காலத்தில் ஒட்டுண்ணி எவ்வாறு பிழைக்கிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

உறைக்கூடு என்பது யாது?

பிற உயிரின் உடலில் தங்கி, அதன் உணவை உண்டு, அதற்கே தீங்கு செய்யும் உயிரியை ஒட்டுண்ணி என்பர். ஒருசெல் ஒட்டுண்ணிகள் சிலவற்றில் ஆண் அணுவும் பெண் அணுவும் இணைந்தபின், அக்கருவைச் சுற்றி ஓர் உறை தோன்றுகிறது. அறிவியலார் இதனை ஊசிஸ்ட் என்பர். முட்டை, பை எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை இது. இப்பாடத்தில் இதனை உறைக்கூடு என வழங்குவோம். ஓர் உறைக்கூட்டினுள் ஒட்டுண்ணியின் அடுத்த தலைமுறை உருவாகிறது.

முறைக்காய்ச்சலும் ரொனால்டு ராஸும்

மலேரியாவை நம் முன்னோர் முறைக்காய்ச்சல் என்றனர். முறை வைத்தாற்போல் விட்டுவிட்டு வருவதால் அப்பெயர் பெற்றது. கன்னடர் இதனைச் சளிஜ்வர என்பர். கன்னடத்தில் சளி என்பது குளிரைக் குறிக்கும். நோயின் இரு இயல்புகளை இரு மொழிகளும் தனித்தனியே குறித்துள்ளமை காண்க.

1880ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் லாவரான், மலேரியா நோயாளியின் குருதியில் ஒட்டுண்ணியைக் கண்டார். ஆயினும் அது ஒருவரிடமிருந்து மற்றவரை எவ்வாறு அடைகிறது என்பது புலப்படவில்லை. கொசுவே காரணமாகலாம் என்னும் கருத்தை ஸ்காட்லாந்து மருத்துவர் பாட்ரிக் மேன்சன், 1894இல் ரொனால்டு ராஸிடம் எடுத்துரைத்தார்.

ராஸ் 1857இல் அல்மோராவில் பிறந்தவர். இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தவர். 1883இல் பெங்களூரில் பணியாற்றியபோது, தம் இல்லத்தருகே தொட்டியில் தேங்கிய நீரை அகற்றினால் கொசுக்கள் குறைவதைக் கண்டறிந்தார். 1897இல் விடுப்பில் உதகை சென்றவர், மைசூருவிலிருந்து மசினகுடி வழியாக உதகைக்கு ஏறும் பாதையிலுள்ள சீகூர்ப் பகுதியில் தாமே மலேரியாவால் பீடிக்கப்பட்டார்.

பின்னர்ச் செகந்திராபாத்தில் ஆய்வைத் தொடர்ந்தார். இரண்டு ஆண்டுகளாகப் பல கொசுக்களை அறுத்து ஆராய்ந்தும் பயன் கிட்டவில்லை. விசிறி வீசினால் அறுத்த கொசு பறந்துவிடும். ஆதலால் கடுங்கோடையிலும் விசிறியின்றியே அமர்ந்திருந்தார். வியர்வை பட்டு நுண்ணோக்கியின் திருகாணிகள் துருவேறின.

1897 ஆகஸ்ட் 16 அன்று, சிறகில் புள்ளிகள் கொண்ட புதுவகைக் கொசுக்களை உசேன் கான் என்னும் நோயாளியைக் கடிக்கச் செய்தார். ஒரு கொசுவுக்கு ஓர் அணா அவருக்குக் கூலியாக அளிக்கப்பட்டது. ஆகஸ்ட் 20 அன்று அவ்வகைக் கொசு ஒன்றின் இரைப்பைச் சுவரில், ஏறத்தாழ 12 மைக்ரான் அளவுள்ள வட்டமான செல்களை ராஸ் கண்டார். (ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்.)

அவை கொசுவின் சொந்தச் செல்களாக இருத்தல் கூடாதா? அவற்றினுள் கருநிறத் துகள்கள் இருந்தன. மலேரியா நோயாளியின் குருதியிலுள்ள ஒட்டுண்ணியிலும் அதே துகள்கள் உண்டு. மறுநாள் அறுத்த கொசுவில் அச்செல்கள் மேலும் பெரியனவாக இருந்தன. எனவே அவை கொசுவினுள் வளரும் ஒட்டுண்ணியே என ராஸ் தெளிந்தார். அவர் கண்டவையே உறைக்கூடுகள்.

அடுத்த ஆண்டு கல்கத்தாவில் பறவை மலேரியாவை ஆராய்ந்து, உறைக்கூடு வெடித்து வெளிப்படும் நுண்ணுயிர்கள் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதை நிறுவினார். மனித மலேரியாவைப் பரப்புவது அனோபிலிஸ் கொசுவே என்பதை 1898இல் இத்தாலிய அறிஞர் கிராசியும் அவர்தம் குழுவினரும் மெய்ப்பித்தனர். 1902இல் ராஸ் நோபல் பரிசு பெற்றார். ஆகஸ்ட் 20 உலகக் கொசு நாளாக நினைவுகூரப்படுகிறது.

கொசுவுக்கும் கூட்டுக்கும் ஒரு போட்டி

நோயாளியைக் கடித்த கொசு உடனே நோயைப் பரப்ப இயலாது. உறைக்கூடு முதிர்ந்து, வெடித்து, நுண்ணுயிர்கள் உமிழ்நீரை அடைய வெப்பமான சூழலில் ஏறத்தாழ 10 முதல் 14 நாள்கள் ஆகும். குளிர் மிகுந்தால் இக்காலம் நீளும். வெப்பநிலை 16 பாகை செல்சியசுக்கும் கீழே இறங்கின் வளர்ச்சி நின்றுவிடும். கொசுவின் வாழ்நாளோ சில வாரங்களே. உறைக்கூடு முதிருமுன் கொசு இறந்தால் நோய் பரவாது. கொசுமருந்தும் மருந்தூட்டிய வலையும் கொசுக்களின் எண்ணிக்கையைக் குறைப்பதோடு, அவற்றின் ஆயுளையும் சுருக்குகின்றன. அவற்றின் பெரும்பயன் இதுவே.

மண்ணிலும் நீரிலும்

மலேரியாவின் உறைக்கூடு கொசுவின் உடலுக்குள் காக்கப்படுவதால் அதன் உறை மெல்லியது. வெளியுலகில் தங்க வேண்டிய ஒட்டுண்ணிகளின் உறையோ மிக உறுதியானது.

கோழிகளுக்குக் கழிச்சல் நோய் தரும் ஐமீரியா, கோழியின் எச்சத்தோடு வெளியேறும். வெப்பம், ஈரம், காற்று ஆகிய மூன்றும் வாய்த்தால், ஓரிரு நாள்களில் அதன் உறைக்கூடு நோய் தரும் நிலையை எய்தும். பண்ணையில் கோழிகளின் கீழே பரப்பிய உமியை உலர்வாக வைப்பதன் காரணம் இதுவே.

பூனையின் கழிவில் வெளியேறும் டாக்ஸோபிளாஸ்மாவின் உறைக்கூடு, ஈரமண்ணில் ஓராண்டுக்கு மேலும் உயிருடன் இருக்கவல்லது.

மனிதருக்கும் கன்றுகளுக்கும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியத்தின் உறைக்கூடு 4 முதல் 6 மைக்ரான் அளவினதே. குளிர்ந்த நீரில் பல மாதங்கள் அழியாதிருக்கும். குடிநீரில் வழக்கமாகக் கலக்கும் குளோரினாலும் அது மடிவதில்லை. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரக் குடிநீரில் இது கலந்ததால், ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் நோயுற்றனர் எனக் கணக்கிடப்பட்டது. எனினும், நீரைக் கொதிக்கவைத்தால் இவ்வுறைக்கூடு அழியும். நன்கு உலர்ந்தாலும் அழியும்.

நாம் செய்யத்தக்கவை

மைசூரு நகருக்குக் காவிரியும் கபினியும் நீர் தருகின்றன. அந்நீரே பெருகித் தமிழகத்து வயல்களையும் ஊர்களையும் அடைகிறது. மேட்டில் வாழ்வோரின் தூய்மை பள்ளத்தில் வாழ்வோரின் நலமாகும். குடிநீரைக் கொதிக்கவைத்துப் பருகுதல், மண்ணையும் விலங்குகளையும் தொட்டபின் சோப்பினால் கைகழுவுதல், பச்சையாக உண்ணும் காய்கனிகளை நன்கு கழுவுதல், தொட்டிகளில் நீர் தேங்காது காத்தல் ஆகியவற்றை வழக்கமாக்கிக்கொள்வோம்.

சொற்பொருள்

பீடிக்கப்பட்டார் – துன்புறுத்தப்பட்டார்
புலப்படவில்லை – தெரியவில்லை
நிறுவினார் – மெய்ப்பித்தார்
எய்தும் – அடையும்

பயிற்சி

1. ராஸ் கண்ட செல்கள் ஒட்டுண்ணியே என்பதற்கான இரு சான்றுகளை எழுதுக.
2. நோயாளியைக் கடித்த கொசு உடனே நோயைப் பரப்ப இயலாதது ஏன்?
3. மலேரியாவின் உறைக்கூட்டையும் கிரிப்டோஸ்போரிடியத்தின் உறைக்கூட்டையும் ஒப்பிடுக.
4. பிரித்து எழுதுக: உறைக்கூடு, கருநிறம், குடிநீர்.
5. செயல்பாடு: காய்ச்சல் வகைகளுக்கு உம் வீட்டு முதியோர் வழங்கும் தமிழ்ப் பெயர்களையும், உம் அண்டை வீட்டார் வழங்கும் கன்னடப் பெயர்களையும் கேட்டறிந்து பட்டியலிடுக.