கடவுச்சொல் சரி, கதவு ஏன் திறக்கவில்லை?

கணிப்பொறியின் முன் அமர்ந்து கடவுச்சொல்லைத் தட்டுகிறீர்கள். நல்வரவு கூறும் சொல் திரையில் தோன்றுகிறது. வழக்கமாகச் சில நொடிகளில் உங்கள் முகப்புத் திரை வந்துவிடும். இன்றோ அந்தச் சொல் நெடுநேரம் அப்படியே நிற்கிறது. பிறகு, 'பயனர் தொகுப்பை ஏற்ற முடியவில்லை' என்று பொருள்படும் ஆங்கில வாசகம் ஒன்று வருகிறது. சரி என்று அழுத்தினால், மறுபடியும் கடவுச்சொல் கேட்கும் இடத்துக்கே வந்து நிற்கிறீர்கள். விண்டோஸ் 7 பயன்படுத்தியவர்களில் பலர் இதைக் கண்டிருப்பார்கள். பிந்தைய விண்டோஸ் பதிப்புகளிலும் இது வருவதுண்டு.

கடவுச்சொல்லை மறந்துவிட்டோமோ என்று ஐயப்பட வேண்டாம். அது தவறாக இருந்தால் தவறு என்றே கணிப்பொறி கூறியிருக்கும். அப்படியானால் நடந்தது என்ன?

உள்நுழைவு என்பது உண்மையில் இரண்டு வேலைகள். மாணவர் விடுதியை நினைத்துக்கொள்ளுங்கள். வாயிற்காவலர் உங்கள் முகம் பார்த்து உள்ளே விடுவது முதல் வேலை. உங்கள் அறையைத் திறந்து நுழைவது இரண்டாவது. கடவுச்சொல்லைச் சரிபார்த்ததும் காவலர் வேலை முடிந்தது. அதன்பின் கணிப்பொறி உங்கள் 'அறையை'த் திறக்க வேண்டும். அதற்காக அது என்டியூசர்.டாட் என்ற கோப்பைப் படிக்கிறது. உங்கள் திரையில் எந்தப் படம் இருக்க வேண்டும், எந்த மென்பொருள் எப்படி நடக்க வேண்டும் என்பன போன்ற உங்கள் விருப்பங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அளவில் பெரும்பாலும் சில மெகாபைட்தான். ஆனால் அதைப் படிக்க முடியாவிட்டால் அறை திறக்காது.

இக்கோப்பு ஏன் கெட்டுப்போகிறது? எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றுபோயிருக்கலாம். விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது யாரேனும் பொத்தானை அழுத்தி அணைத்திருக்கலாம். பெரும்பாலான நேரங்களில் காரணம் இவ்வளவு எளியதே. ஆயினும் இன்னொரு காரணமும் உண்டு. அதைத்தான் நாம் அஞ்ச வேண்டும். எழுத்து கெட்டதா, அல்லது எழுதியிருக்கும் தாளே கெட்டதா? தாள் என்று நான் சொல்வது ஹார்ட் டிஸ்க் என்னும் வன்தட்டை.

1956இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அத்தனையும் சேர்ந்து கொண்டது 50 லட்சம் எழுத்துகள் மட்டுமே. இன்று உள்ளங்கையில் அடங்கும் பெட்டிக்குள் அதைப்போல் பல லட்சம் மடங்கு கொள்கிறது. மேசைக் கணிப்பொறியின் வன்தட்டு பொதுவாக நிமிடத்துக்கு 7200 முறை சுழலும். கணக்கிட்டுப் பாருங்கள்: தட்டின் விளிம்பு மணிக்கு 120 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது! அதன்மேல், தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் படிக்கும் தலை மிதக்கிறது. ஒரு தலைமயிரின் தடிமன் இதைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு.

தட்டின் பரப்பு சிறுசிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பழைய தட்டுகளில் ஒரு பகுதிக்கு 512 பைட். இப்போதைய தட்டுகளில் பெரும்பாலும் 4096 பைட். ஒரு பகுதியைச் சரியாகப் படிக்க முடியவில்லை என்றால் வன்தட்டு உடனே தோல்வியை ஒப்புக்கொள்வதில்லை. திரும்பத் திரும்ப முயல்கிறது. நல்வரவுச் சொல் நெடுநேரம் நின்றதே, அதற்கு இதுவும் காரணமாகலாம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் சேமித்த திருமணப் படம் கெட்ட பகுதியில் கிடந்தால் யாருக்குத் தெரியும்? அதைத் திறந்து பார்க்கும் நாள்வரை தெரியாது. என்டியூசர்.டாட் அப்படியன்று. ஒவ்வொரு முறை நுழையும்போதும் அது படிக்கப்படுகிறது. ஆகவே வன்தட்டின் நோய் முதலில் உள்நுழைவில் வெளிப்படுவது வியப்பன்று.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், உழவர் வழக்குச் சொற்களை ஆறு ஆண்டுகளாகத் தொகுத்து வந்தார். எல்லாம் ஒரே மடிக்கணினியில். ஒரு நாள் இதே வாசகம் வந்தது. இருபது முறையாவது மறுபடி மறுபடி நுழைந்து பார்த்திருக்கிறார். உதவ வந்த உறவுக்காரப் பையன், தட்டைப் பழுதுபார்க்கும் 'செக் டிஸ்க்' கட்டளையை இரவு முழுவதும் ஓடவிட்டுப் போய்விட்டான். காலையில் 'டக், டக்' என்ற ஒலிதான் கேட்டது. பையனைக் குறை சொல்ல மாட்டேன். பெரும்பாலோர் அதையே செய்வார்கள். ஆனால் அந்தக் கட்டளையை முழுச் சோதனைக்கு ஏவினால், தட்டின் ஒவ்வொரு பகுதியையும் பல மணி நேரம் படித்துப் பார்க்கும். தளர்ந்த நோயாளியை ஓட்டப் பந்தயத்துக்கு அனுப்புவது போன்றது அது.

எனவே முதல் வேலை பழுதுபார்ப்பது அன்று, நகலெடுப்பது. ஒருமுறை அணைத்து மீண்டும் இயக்கிப் பாருங்கள். பலிக்கவில்லையெனில் அதோடு நிறுத்துங்கள். கணிப்பொறியில் வேறொரு பயனர் கணக்கு இருந்தால் அதன் வழியே நுழையலாம். இல்லையேல் பாதுகாப்பு முறையில் இயக்கிப் பார்க்கலாம். விண்டோஸ் 7இல் தொடக்கத்திலேயே எஃப் 8 விசை, 10, 11 பதிப்புகளில் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி மறுதொடக்கம். இதுவும் இயலாவிட்டால், லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவிலிருந்து கணிப்பொறியை இயக்கலாம். அல்லது வன்தட்டைக் கழற்றி வேறொரு கணிப்பொறியில் இணைக்கலாம். தட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் மீட்புத் திறவெண் கையில் இருக்க வேண்டும். வேறெங்கும் கிடைக்காதவற்றை முதலில் நகலெடுங்கள். திரைப்படங்கள் பிறகு வரட்டும்.

சிலவேளை விண்டோஸ் உங்களைத் தற்காலிக அறை ஒன்றில் விட்டுவிடும். முகப்புத் திரை புதிதுபோல் வெறுமையாக இருக்கும். உங்கள் கோப்புகள் பெரும்பாலும் பழைய இடத்திலேயே இருக்கும், பதற வேண்டாம். ஆனால் அந்தத் தற்காலிக அறையில் புதிதாக எதையும் சேமிக்காதீர்கள். வெளியேறியதும் அது அழிக்கப்படும்.

நகல் பத்திரமான பிறகு நோயை ஆராயலாம். விண்டோஸின் ஈவென்ட் வியூவர் என்னும் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்து, சிஸ்டம் பிரிவைப் பாருங்கள். டிஸ்க் என்ற பெயரோடு 7 என்ற எண் இருந்தால், கெட்ட பகுதி ஒன்று கண்டறியப்பட்டது என்று பொருள். அதாவது தாளில் குறை. என்.டி.எஃப்.எஸ். என்ற பெயரோடு 55 என்ற எண் இருந்தால் கோப்பு அமைப்பு குலைந்திருக்கிறது. அது எழுத்தில் வந்த குறையாகவும் இருக்கலாம்.

வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஏற்பாடும் உண்டு; அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் அதைக் காட்டும். அதில் 5, 197, 198 ஆகிய வரிசைகளைப் பாருங்கள். (சில மென்பொருள்கள் பின்னிரண்டையும் சி5, சி6 என்று எழுதும்.) முதலாவது, கெட்டுப்போனதால் மாற்றிடம் தரப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. மற்ற இரண்டும் படிக்க இயலாமல் நிற்பவை. இவை சுழியமாக இருப்பதே நலம். நாளுக்கு நாள் ஏறினால் தட்டை மாற்றிவிட வேண்டியதுதான்.

சுழியம் என்றால் முழு நலமா? கூகிள் ஆராய்ச்சியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு விடை தருகிறது. பரப்பைச் சோதிக்கையில் முதல் பிழை காட்டிய தட்டு, அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு அதிகம். அதே சமயம், செயலிழந்த தட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை!

எல்லாம் சுழியமாகவும், 7 என்ற எண் எங்கும் இல்லாமலும் இருந்தால், எழுத்துதான் கெட்டது என்று ஓரளவு நம்பலாம். அப்போது புதிய பயனர் கணக்கு ஒன்றைத் தொடங்கி, கோப்புகளை அதற்கு மாற்றிக்கொள்வதே எளிய வழி. செக் டிஸ்க் கட்டளையையும் இப்போது தாராளமாக ஓடவிடலாம்.

'டக், டக்' ஒலி கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள், திறந்து பார்க்காதீர்கள். குளிர்பெட்டியில் வைத்தெடுத்தால் சரியாகும் என்று யாராவது சொல்லக்கூடும். உள்ளே ஈரம் படிவதுதான் மிச்சம். தூசியற்ற அறையில் தட்டைத் திறந்து மீட்கும் கூடங்கள் உண்டு. ஆனால் செலவு பல்லாயிரம் ரூபாய்க்குப் போகலாம். ஆசிரியரின் தட்டையும் அப்படி ஒரு கூடத்துக்கு அனுப்பினோம். பாதிக்குச் சற்று மேல் திரும்பி வந்தது. மீதிச் சொற்களுக்காக அவர் மறுபடி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறார். இம்முறை இரண்டு பென் டிரைவ்களோடு.