பழைய மடிக்கணினியில் நிரல் எழுத எந்த எடிட்டர்?

டெங்கில் - கணினி நிறுவனங்கள் நிறைந்த சைபர்ஜெயா, டெங்கில் முக்கிமுக்குள்தான் இருக்கிறது. புத்ராஜெயாவுக்காகப் பிராங் பெசார் உள்ளிட்ட தோட்டங்களை விட்டு, தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு வந்த குடும்பங்களுக்கு அது பக்கத்து ஊர்.

எஸ்.பி.எம். முடித்து நிரலாக்கம் படிக்கப் போகும் பிள்ளைக்கு முதல் வாரமே ஒரு சோதனை வரலாம். அண்ணனின் பழைய மடிக்கணினியில் எடிட்டரை ஏற்றியதும் கணினி திணறும். 'நமக்கு இது வராது' என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். குறை பிள்ளையிடம் இல்லை.

எடிட்டர் என்பது நிரல் எழுதும் தாள் மட்டுமே. எழுதியதை இயக்குவது வேறு மென்பொருள். எதில் எழுதினாலும் நிரல் ஒன்றுதான்.

மைக்ரோசாஃப்ட் 2015இல் வெளியிட்ட விஷுவல் ஸ்டூடியோ கோட் இலவசம். பாதி எழுதும்போதே மீதியைச் சொல்லும். பிழையைச் சிவப்புக் கோடிட்டுக் காட்டும். ஒரு பெயரை மாற்றினால் எல்லா இடத்திலும் மாற்றித் தரும். இதற்காக நிரலைப் படித்துப் புரிந்துகொள்ளும் துணைநிரல் ஒன்று பின்னணியில் ஓடுகிறது. நினைவகத்தை விழுங்குவதில் அதற்கும் பங்குண்டு. தேவையற்ற நீட்சிகளை நீக்கினாலே கணினி மூச்சுவிடும்.

அப்படியும் முடியாவிட்டால் விண்டோஸில் நோட்பேட்++ போதும். 2003இல் வந்த இது மிக இலேசானது. வண்ணம் காட்டும், சொற்களை நிரப்பும். நிரலின் பொருள் மட்டும் இதற்குத் தெரியாது. தொடக்கநிலை மாணவருக்கு அது நல்லதுங்கூட.

1991இல் பிராம் மூலனார் வெளியிட்ட விம் தனி ரகம். திறந்தவுடன் தட்டினால் எழுத்து விழாது. 'ஐ' விசையை அழுத்திய பிறகே எழுத முடியும். 'எஸ்கேப்' அழுத்தினால் விசைகள் கட்டளைகளாகிவிடும்: 'டி' இருமுறை என்றால் முழு வரியும் போய்விடும், 'யு' என்றால் திரும்பி வரும். வெளியேறத் தெரியாமல் தவித்தவர்கள் உலகமெங்கும் உண்டு! கூடவே வரும் 'விம்டியூட்டர்' பாடத்தை அரைமணி நேரத்தில் முடிக்கலாம். சர்வர்களில் வேலை பார்க்க நினைப்பவர் இதைக் கற்பது நல்லது. அங்கே பெரும்பாலும் இதுவோ இதன் மூதாதையான வி-யோதான் இருக்கும்.

தமிழில் தட்ட, 1985இல் தொடங்கிய நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் இருக்கிறது. ஆனால் 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல் யூனிகோடில் ஐந்து குறியீடுகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. அதனால் பல எடிட்டர்களில் பின்னழி விசை முதலில் புள்ளியை மட்டுமே அழிக்கும். டெர்மினலில் ஓடும் விம்மில் கொம்பும் காலும் இடம் மாறித் தெரிவதுண்டு. நிரலுக்குள் தமிழ் எழுதுவோர், கோப்பை யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் எழுத்துகள் சிதைந்து தெரியும் தொல்லை பெரும்பாலும் வராது.